எர்த்து இல்லாத வீடு

ஆம்பை ஆன் செய்வார். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். கிட்டாரைத் தொடவே மாட்டார். சென்னையிலிருந்து ஸ்டுடியோ வேலையைப் போட்டுவிட்டு, ஒரு பேஸ் ஆம்ப் வாங்குவதற்காக பாகூர் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு வந்தவன் எதிரில் உட்கார்ந்திருப்பான். இதோ வாசிக்கப் போகிறார், இதோ வாசிக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஃபேனை வேறு நிறுத்தியிருப்பார். வந்தவனுக்கு வியர்வை ஊற்றும். ரொம்ப நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"கேக்குதா?"

"எதுண்ணா? இன்னும் வாசிக்கவே இல்லையே?"

"வாசிக்கறத எவன் கேட்டான்? பொட்டி சும்மா கீறப்ப இன்னா சொல்லுதுன்னு கேளு."

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் இந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "எது வேணா எயுதிக்கோ தம்பி, பேரு மட்டும் போடாத" என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணி சொன்னால் எனக்குச் சட்டம்.

நான் பாகூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கல்யாண சீசனிலும் திருவிழாவிலும் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாலு தந்தி, அடிவயிற்றில் போய் இடிக்கிற சத்தம். மேடையில் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், ட்ரம்ஸ் அடிப்பவனைப் பார்ப்பார்கள், என்னை ஒரு நாயும் பார்க்காது. வாசிப்பதை நிறுத்தினால் மட்டும் என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். கிட்டாரிலிருந்து வருகிற சத்தம் எறும்பு அளவுதான். அதைத் தூக்கிச் சுத்தம் செய்து ஆம்புக்குக் கொடுக்கிற பெட்டிக்குத்தான் ப்ரீஆம்ப் என்று பேர். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். நல்லதாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் வேனை அடமானம் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிகளை அவர் தன் வீட்டு ஹாலில், மற்றவர்கள் டிவியும் பொம்மையும் வைக்கிற ஷோகேஸில், வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கீழே ஆம்புகள். அதில் ஒன்றுக்கு அம்மிக்கல் என்று பேர் வைத்திருந்தோம். இரண்டு ஆள் இல்லாமல் அது நகராது.

சாமான்கள் எல்லா வழியிலும் வந்தன. சென்னையில் சினிமாவுக்கு வாசிக்கிறவர்கள் விற்பார்கள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் பிரான்சில் இருந்தான். அவர்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், அதனால் ஊரில் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு என்றுதான் பேர். அவன் வருஷா வருஷம் லீவுக்கு வரும்போது சூட்கேஸில் சென்ட்டு பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஒரு ப்ரீஆம்ப் துண்டு சுற்றிப் படுத்திருக்கும். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்குவார்.

வாங்கின உடனே ஏற்கனவே இருக்கிற ஒன்றோடு அதை மோதவிடுவார். இரண்டு பெட்டி, ஒரே கிட்டார், ஒரே ஆம்ப், நடுவில் காலால் மிதிக்கிற ஸ்விட்ச். ஒன்றுக்கு இந்தாண்ட, இன்னொன்றுக்கு அந்தாண்ட. முதலில் இரண்டையும் சும்மா கேட்பார். அப்புறம் பருத்த தந்தியை ஒரே ஒரு தட்டு தட்டச் சொல்வார். பாட்டு கீட்டு எதுவும் கிடையாது. அந்தச் சத்தம் மெல்ல மெல்லக் கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. "எல்லாம் அடங்கன அப்புறம் இன்னா மிஞ்சுது பாரு. அதான்டா பொட்டியோட கொணம்" என்பார்.

மிஞ்சுவது இரைச்சல். சும்மா இருக்கிற ஸ்பீக்கரில் வருகிற இரைச்சலுக்கு எங்கள் தொழிலில் ஹம் என்று பேர். அவர் நெல் விளைந்த வீட்டுப் பிள்ளை. ஹம்மையும் அரிசி மாதிரி இரண்டு ரகமாகப் பிரித்து வைத்திருந்தார். மோட்டா, சன்னம். மோட்டா என்பது 'உம்ம்ம்' என்று அடித்தொண்டையில் வருவது. அது யாருக்கும் கேட்கும். சன்னம் அதற்கு மேலே, நூல் போல, 'ஙீ' என்று விடாமல் ஓடுமாம்.

"மோட்டாவ எவன் வேணா புடிப்பான்டா. சன்னத்தக் கேக்கறவந்தான் காதுகாரன்."

எனக்கு ஒரு நாளும் சன்னம் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெரிய வெட்கம். வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஆமாண்ணா, லைட்டா கீது" என்று தலையை ஆட்டுவார்கள். நான் மட்டும் "எனக்குக் கேக்கலணா" என்பேன். "வேன் ஹாரன அடிச்சி அடிச்சி உன் காது மொத்தையாப் பூடுச்சி. நீ புள்ளைங்கள ஏத்தி எறக்கறதோட நிறுத்திக்கோ" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். வீட்டுக்குப் போய்க் காதில் எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்த நாளெல்லாம் உண்டு.

அவர் வாங்கின எந்தப் பெட்டியும் அவரிடம் தங்காது. வந்த புதிதில் சாமி மாதிரி இருக்கும். கொஞ்ச மாசம் போனால், "இதுலயும் சன்னம் வந்துடுச்சிடா" என்று முகம் தொங்கிவிடும். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தேடுவார். சுற்றுப்பட்டு ஊரில் பேஸ் வாசிக்கிறவன் எல்லாம் அதற்காகவே காத்திருப்பான். என்னுடைய நீலப்பெட்டி அப்படி வந்ததுதான். அதை இன்னும் வைத்திருக்கிறேன். தங்கம் மாதிரி பெட்டி. அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, "கரும்பு போட்ட நெலம் மனையாச்சி, மனை பொட்டியாச்சி, பொட்டி ஊரான் வூட்டுக்குப் போச்சி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தக் காலத்தில் சிரித்தார்.

ஒரு காலத்தில் அவரே வாசித்தவர். இருபது வருஷம் மேடையில், ட்ரம்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், ஆள் உயர ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "மேடைல சுத்தம் கெடையாதுடா" என்பதோடு முடித்துக்கொள்வார். நல்ல மனுஷன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வில்லியனூர் தேர்த் திருவிழாவில் என் ஆம்ப் புகைந்துபோய் நான் அழாக்குறையாக நின்றபோது, போன் போட்டதும் தன் ஜெர்மன் ஆம்பைத் தன் காரில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். கச்சேரி முடிகிறவரை மேடைக்குப் பின்னாலேயே நின்றார். வாடகை பேசினால் அடிப்பார். எனக்கு அவர் மேல் உயிர். அதனால்தான் மற்றதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகவே கண்ணில் பட்டது.

மணப்பட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கடலோரம், மணல்மேல் மேடை. ஜெனரேட்டர் கரண்டு. எங்கள் ஆம்பை ஆன் செய்ததும் மோட்டா பிடித்துக்கொண்டது. 'உம்ம்ம்' என்று ஊரே கேட்கிற மாதிரி. பெண் வீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள். மைக் செட்டுக்காரன் எதை எதையோ பிடுங்கி மாட்டுகிறான், போகவில்லை. கச்சேரி கேட்க வந்திருந்த இவர் மேடையேறினார். என் ஆம்பின் ப்ளக்கைப் பிடுங்கினார். த்ரீ பின் ப்ளக்கில் மேலே பருமனாக ஒரு பின் இருக்குமே, அதுதான் எர்த்து. பெட்டியில் எங்காவது கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்கு இருப்பது. சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அந்தப் பின்னை நறுக்கென்று வெட்டி எறிந்தார். திரும்ப மாட்டினார். மோட்டா போய்விட்டது. எங்கள் ஆள்கள் கைதட்டினார்கள். மைக் செட்டுக்காரன் கும்பிட்டான். இப்படி வெட்டுகிற பழக்கம் எங்கள் தொழிலில் எல்லாரிடமும் உண்டு. அவர் அதற்கு ராஜா.

இரண்டாவது பாட்டில் பாடுகிற பொண்ணு மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அண்ணா, மைக்கு உதட்டுல கடிக்குதுணா."

"முத்தம் குடுக்காம பாடு" என்றார் இவர், கீழே இருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். வெறுங்காலோடு ஈர மணலை மிதித்துக்கொண்டு மீதிப் பாட்டெல்லாம் எட்ட நின்றே பாடினாள். எனக்கு இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் மூன்று பின்னும் உள்ள புது ப்ளக் வாங்கி மாட்டினேன்.

அப்புறம்தான் அண்ணியின் செருப்பைக் கவனித்தேன். நம் பக்கத்தில் வீட்டுக்குள் யார் செருப்பு போடுகிறார்கள்? அண்ணி அடுப்படியில், அதுவும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நின்றார். காலில் ஆணி இருக்கும், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் பெட்டி பார்சல் எடுக்கப் போயிருந்தார். நான் ஹாலில் காத்திருந்தேன். அண்ணி மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திறந்தார்.

"கால்ல ஆணியா அண்ணி?"

"ஆணியும் இல்ல ஒண்ணியும் இல்ல. இங்க வா. செருப்ப அவுத்துட்டுதான வந்த? அப்ப பொறங்கையால தொடு. உள்ளங்கையால புடிச்சிடாத."

புறங்கையால் ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரை ஏறியது.

"இது மட்டுமா. கிரைண்டரு, வாஷிங் மிசினு, எல்லாம் இப்டித்தான். மய நாள்ல கொஞ்சம் சாஸ்தி."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கிணற்றோரம் எர்த்துக் குழி. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாய். வீட்டிலிருந்து அதற்கு வந்த பழைய கம்பியை அவர் கழற்றி, சுருட்டி, மரத்தில் மாட்டிவிட்டிருந்தார். அதற்குப் பதில் விரல் கனத்தில் ஒரு புதுச் செம்புக் கம்பி, குழியிலிருந்து நேராக ஜன்னல் வழியே ஹாலுக்குள் போயிற்று. ஆம்புக்கு மட்டும்.

"வூட்ல கீற எல்லா சாமானும் எர்த்து கம்பிலதான் அழுக்கக் கொட்டுதாம். அந்த அழுக்குதான் சன்னமா வருதாம். அதனால எங்களுக்கு எர்த்து கெடையாது" என்றார் அண்ணி. "குழி காயக்கூடாதுன்னு தெனம் தண்ணி ஊத்தறன். அவரு பொட்டிக்கித் தண்ணி, எனக்கு செருப்பு."

அவர் வந்ததும் நான் சண்டை போட்டேன். கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அவர் கோபப்படவில்லை. பார்சலைக் கீழே வைத்தார். வெறுங்காலோடு அடுப்படிக்குள் போனார். ஃப்ரிட்ஜ் கதவில் உள்ளங்கையை முழுசாக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கையில் இருந்த மயிர் குத்திட்டு நின்றது. எடுக்கவில்லை. பேசிக்கொண்டே வைத்திருந்தார்.

"பாரு. உசுரோடதான கீறன்? எங்கப்பன் மோட்டார் கொட்டாய்ல ஈரக் கையோட ஸ்டார்ட்டர் போட்டவரு. எம்பது வயசு இருந்தாரு. உங்களுக்கெல்லாம் சும்மா பயம்."

நான் மோர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷம் அவர் மகள் கரையாம்புத்தூர் மாமியார் வீட்டிலிருந்து வந்தாள். புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அவன் ஏற்பாடு செய்து கூப்பிட்டுக்கொள்கிறவரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. குண்டுக் கன்னம், இரண்டு பல். வந்த வாரமே தவழ ஆரம்பித்துவிட்டது.

அவருக்கு அந்தக் குழந்தை மேல் கொள்ளைப் பிரியம். மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்காருவார். என்னைப் பருத்த தந்தியைத் தட்டச் சொல்வார். சத்தம் வயிற்றில் இடித்ததும் குழந்தை கிச்சுகிச்சு மூட்டின மாதிரி சிரிக்கும். "பாத்தியா, வயித்தால கேக்கறா. இவதான்டா என் வாரிசு. நீயெல்லாம் வேஸ்ட்டு" என்பார். அந்த வீட்டிலேயே குழந்தைக்குப் பத்திரமான இடம் அந்த ஹால் ஒன்றுதான். அங்கே எர்த்து இருந்தது.

அண்ணிதான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூளியிலே போட்டுப் பார்த்தார், கட்டில்மேல் போட்டுப் பார்த்தார். அடுப்படி வாசலில் பலகையை வைத்து அடைத்தார். அது பலகையைப் பிடித்து எழுந்து நின்று சிரித்தது. கையில் எப்போதும் எச்சில் ஈரம். "எனக்கு செருப்பு போட்டுக்கத் தெரியும். அதுக்கு யாரு தம்பி போட்டு விடறது?" என்று என் வேன் பக்கத்தில் வந்து நின்று அழுதார். "நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

சொன்னேன். பழைய கம்பியைத் திரும்ப மாட்ட அரை மணி நேரம் ஆகாது, நானே மாட்டித் தருகிறேன் என்றேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"நான் இன்னா கல்லாடா? எனக்கும் பேத்திதான். ஞாயித்துக்கெயம வரைக்கும் பொறு. பெங்களூர்க்காரரு வராரு. பிரான்சுலேர்ந்து வந்த பொட்டியையும் அமெரிக்கா பொட்டியையும் மோத உடறன். எதுல சன்னம் இல்லியோ அத வெச்சிக்கறன், இன்னொண்ண அவருக்குக் குடுத்துடறன். அதோட எல்லாம் முடிஞ்சிது. கம்பியையும் மாட்டிடறன். இதான்டா கடைசி."

அந்த நாலு நாளும் நான் வேன் ஓட்டும்போதெல்லாம் அந்தக் குழந்தை எங்கே தவழ்கிறதோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு வந்தால் போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. தரையெல்லாம் பிசுபிசுப்பு. பெங்களூர்க்காரர் பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவர், மரியாதையான மனுஷன். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். இவர் ஃபேன், லைட், மோட்டார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஃப்ரிட்ஜ் ஸ்விட்சில் கை வைத்தபோது மகள் தடுத்தாள்.

"அப்பா, பாப்பா மருந்து உள்ள கீது. வெளிய வெச்சா கெட்டுப்பூடும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. அத நிறுத்தாத."

முகத்தைச் சுளித்தார். பிறகு, "செரி, இருக்கட்டும். யாரும் உள்ள சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் இந்தாண்டப் பெட்டியில் தந்தியைத் தட்டினேன். சத்தம் எழுந்தது, பரவியது, கரைய ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். பெங்களூர்க்காரரும் மூடியிருந்தார். மழைகூட கொஞ்சம் அடங்கியிருந்தது. உள்ளே ஒரு தட்டு விழுந்தது. பலகை சாய்ந்தது. "ஐயோ" என்று அண்ணியின் குரல். அடுத்து மகள் கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் அடுப்படிப் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

"ஸ்ஸ்ஸ். கம்முனு இருங்க. சன்னம்... தோ கீது. கேக்குதா?"

நான் கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். குழந்தை ஃப்ரிட்ஜுக்கு முன்னால் மல்லாக்கக் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டு தரையெல்லாம் ஈரம். கதவைப் பிடித்திருந்த குழந்தையை அண்ணி கவுனைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண் எங்கேயோ பார்த்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணி குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மாரியாத்தா, மாரியாத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு வீல் என்று அழுதது. நான் வேன் சாவியை எடுக்க ஓடினேன்.

என் ஸ்கூல் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரும் வந்தார். பின் சீட்டில் குழந்தையின் இரண்டு பாதத்தையும் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய அழுதுகொண்டே வந்தார். ஆண்டவன் புண்ணியம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுட்டுவிரல் நுனியில் கடுகளவு கருப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணி வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் மீட்டர் பெட்டியைத் திறந்தார். பீசுக் கட்டை இரண்டையும் பிடுங்கினார். வீடு செத்தது. இரண்டையும் குழந்தையின் பால் பாட்டில் இருந்த பைக்குள் போட்டுக்கொண்டார். படியில் நின்ற அவரைப் பார்த்துச் சொன்னார்.

"கம்பிய மாட்டு. மாட்டிட்டு சொல்லு. பீசும் வரும், நானும் வரன்."

"மாட்டிடறன்டி. இப்பவே மாட்டிடறன். சத்தியமா. ஆனா ஒண்ணு, அந்த சன்னம்..."

அண்ணி மேற்கொண்டு நிற்கவில்லை. மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு என் வேனில் ஏறினார். கரையாம்புத்தூர் போகிறவரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த கோபத்துக்கு, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று இருந்தேன்.

மூன்று நாளுக்கு மேல் முடியவில்லை. மத்தியானம் ட்ரிப் இல்லாத நேரத்தில் போனேன். முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பழைய கம்பியைக் குழியில் சரியாக மாட்டி, டேப் சுற்றியிருந்தார். சொன்ன சொல் காப்பாற்றியிருக்கிறாரே என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. செம்புக் கம்பி சுருட்டி ஓரமாகக் கிடந்தது. அண்ணிக்கு இப்போதே போன் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. தூங்கின முகமாகத் தெரியவில்லை. ஷோகேஸில் பெட்டிகள் எல்லாம் ப்ளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்திருந்தன.

"கம்பி மாட்டிட்டன்டா. பாத்தியா?"

"பாத்தன்ணா. அண்ணிக்கு போன் போட்டுட்டீங்களா?"

அவர் மெதுவாகக் கேட்டார்.

"பீசு இல்லாத வூட்ல எப்டிடா சன்னம் வரும்?"

எனக்குப் புரியவில்லை.

"மொத நாளு பக்கத்து வூட்டு மோட்டாருன்னு நெனச்சன். போய்ப் பாத்தன், அவன் ஊர்லயே இல்ல. கம்பத்துலேர்ந்து வருதோன்னு தெருக்கோடி வரைக்கும் போனன். காலைல ஏரிக்கரைக்குப் போயிட்டன்டா. நடு கரைல, ஒயரு இல்ல, கம்பம் இல்ல, ஒரு மயிரும் இல்ல. அங்கயும் கீதுடா. உனக்குக் கேக்குதா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே கேட்டேன். தூரத்தில் ஒரு டிராக்டர். எங்கேயோ குக்கர் விசில். தெருவில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம். அவர் சொல்கிற நூல் மட்டும் இல்லை.

"இல்லணா."

"நல்லா கேளு. சன்னம்டா."

"ஒண்ணியுமே இல்லணா. இங்க எதுவுமே ஓடல."

வேன் ஹாரன், மொத்தைக் காது என்று திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்தி மூடினார். எடுத்தார். மறுபடி மூடினார்.

"மூடுனா சாஸ்தியாவுதுடா" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காது டாக்டரிடம் போகலாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படி வாசலையே பார்த்தார். அங்கே பலகை இன்னும் சாய்ந்தபடி கிடந்தது.

"அப்ப அன்னிக்கி... அவ அப்டி கத்தறப்ப கைய தூக்கனனே. கம்முனு இருங்கன்னு சொன்னனே." என் பக்கம் திரும்பினார். "இன்னாத்தடா கேட்டுகினு இருந்தன் நானு?"